நான் அழுத்தாத பொத்தான்

எனக்குப் பயம் வந்தால் முதலில் கோபம்தான் வெளியே வரும். பூனை குறுக்கே பாய்ந்தால் பூனைக்குத்தான் ஏச்சு விழும். நெஞ்சு படபடப்பதைப் பிறகுதான் கவனிப்பேன். ஆகவே இதைச் சொல்லும்போது இடையிடையே யாரையாவது நான் ஏசினால், அந்த இடத்தில் எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உட்துறைமுக வீதியில் எங்களுக்கு ஓர் அறைக் கடை இருக்கிறது. கடை என்றால் ஆட்கள் வந்து சாமான் வாங்கும் கடை இல்லை. திருகோணமலை நகரத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கிற பெண்கள் தைப்பதையும் இடிப்பதையும் ஊறப்போடுவதையும் இணையத்தில் விற்கிறோம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில். இலண்டனில் இருக்கும் சித்தி, உப்புவெளியில் இருக்கும் பெறாமகளின் பிறந்தநாளுக்குச் சட்டை எடுப்பார். நாங்கள் அதைக் கட்டி ஓட்டோவில் கொண்டுபோய்க் கொடுப்போம். இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்கு முன் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரங்கள் தட்டெழுதிக்கொண்டிருந்தேன். கொழும்பில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி தளத்தைக் கட்டித் தந்துவிட்டு, "தொடவேண்டியதை மட்டும் தொடுங்கோ அக்கா" என்று சொல்லிப் போய்விட்டான். எது தொடவேண்டியது, எது தொடக்கூடாதது என்று அவன் சொல்லவில்லை.

தளத்துக்குள் உள்ளே போகவேண்டுமென்றால் கடவுச்சொல்லோடு ஒரு இரகசிய எண்ணும் கேட்கும். அந்த எண் எங்கள் தலைவியின் போனுக்குத்தான் வரும். தலைவி கிண்ணியாவில் இருக்கிறார். முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுவதுபோல, எல்லாருக்கும் அவர் ராத்தா. அவருடைய போன் அலுமாரிக்குள், சீலைகளுக்கு நடுவில் பத்திரமாக இருக்கும். அதை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டு, எண்ணை எனக்கு வாசித்துக் காட்டுவதற்குள் அது காலாவதியாகிவிடும். பலமுறை பட்டபிறகு நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒருமுறை உள்ளே போனால் வெளியே வருவதே இல்லை. கடைக் கணினியில் தளம் எப்போதும் என் பெயரில் திறந்தபடியே இருக்கும். கடை கூட்ட வருகிறவர்கூட அந்தப் பக்கத்தை மூடமாட்டார், அவ்வளவுக்குச் சொல்லிவைத்திருந்தேன்.

எங்களிடம் தைத்தவர்களில் ஒரு பிள்ளை இருந்தாள். வெருகல் ஆற்றுக்கு அங்கால், மட்டக்களப்புப் பக்கத்து ஊர். போன வருடம் ஒரு சின்னப் பெண்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். இடது கையை முழுக்க நீட்ட அவளுக்கு ஏலாது. புருஷன் முறித்த கை. அவன் போன், கணினி திருத்துகிற கடை வைத்திருந்தான். "என்ட போனைத் தொடாமலே என்ட போனைப் பாப்பாரு அக்கா" என்று ஒருநாள் சொன்னாள். அதனால் அவள் போனே வைத்திருக்கவில்லை. தாயோடு கதைப்பதையும் விட்டுவிட்டாள். அவன் ஒவ்வொரு நாளும் அவளுடைய தாய் வீட்டுக்குப் போய் மணிக்கணக்காகக் குந்தியிருப்பானாம், மகளிடமிருந்து ஏதும் தகவல் வருகிறதா என்று. கண்டால் கொல்லாமல் விடமாட்டேன் என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தான். அவன் சும்மா சொல்கிறவன் இல்லை என்பதற்கு அந்தக் கையே சாட்சி.

எங்களோடு சேர்ந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான். பெயரோ முகமோ இருக்கிற இடமோ எங்கேயும் வெளியே வரக்கூடாது. "ஒருத்தருக்கும் தெரியாது பிள்ளை, அதுக்கு நான் பொறுப்பு" என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன்.

தளத்தில் ஒரு வரைபடம் இருந்தது. எந்தப் பொருள் எந்த ஊரில் யார் வீட்டில் செய்யப்பட்டது என்று சிவப்புப் புள்ளி காட்டும். வெளிநாட்டுச் சனத்துக்கு அதில் ஒரு தனி ஆசை. தங்கள் ஊர்ச் சந்தியைக் கண்டால் ஊறுகாய் இன்னும் இரண்டு போத்தல் கூட வாங்குவார்கள். அந்த வரைபடம் தளத்தோடு வந்ததல்ல. யாரோ எங்கேயோ எழுதிவைத்த ஒரு துண்டுச் செயலி, பிளகின் என்பார்கள், அதைத் தம்பி பின்னால் கொளுவிவிட்டிருந்தான். பாலையூற்றில் இருந்த அந்தப் பிள்ளையின் வீடும் அதற்குள் இருந்தது, ஏனென்றால் பொதி எடுக்கப் போகும் ஓட்டோக்கார அண்ணை அதைப் பார்த்துத்தான் போவார். ஆனால் வெளியாட்களுக்குத் தெரியாதபடி மறைத்திருந்தோம். மறைப்பதும் காட்டுவதும் ஒரு பொத்தான்.

அன்று காலை கடை வட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி வந்தது. அதையும் நான் கணினியில்தான் பார்ப்பேன். தெரியாத இலக்கம். "உங்களிடம் தைக்கும் பிள்ளையின் தாயார் காலமாகிவிட்டார். தயவுசெய்து அறியத்தரவும்." கீழே ஒரு மரண அறிவித்தலின் இணைப்பு.

இந்த இடத்தில் படித்தவர்கள் எல்லாரும் எனக்குப் புத்தி சொல்லத் தொடங்குவார்கள். தெரியாத இணைப்பைத் தொடலாமா, இது சின்னப்பிள்ளைக்கும் தெரியுமே என்று. நான் கேட்கிறேன், மரண அறிவித்தலைத் திறந்து பார்க்காத தமிழர் எங்கள் நாட்டில் எவர் இருக்கிறார்? பரிசு விழுந்தது என்று வந்தால் நான் தொடமாட்டேன். வங்கி என்று வந்தால் தொடமாட்டேன். செத்தவீடு என்று வந்தால் எந்த வீடு, ஆர், எப்ப எடுக்கினம் என்று பார்த்தே ஆகவேண்டும். கனடாவில் இருக்கிற என் மாமி காலையில் பல் தீட்டமுதல் அதைத்தான் பார்க்கிறார். செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டால் நாலு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுகிற சனம் நாங்கள். எங்களைப் பிடிக்க வேறு தூண்டில் தேவையில்லை.

திறந்தேன். கறுப்புக் கரை, மூலையில் குத்துவிளக்கு, நடுவில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு முதிய அம்மாவின் படம். இன்னாரின் அன்பு மனைவியும் இன்னார் இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று வழக்கமான வரிகள். பிள்ளைகளின் பெயர்களில் இரண்டாவதாக எங்கள் பிள்ளையின் பெயர். இறுதிக் கிரியை பின்னர் அறிவிக்கப்படும். பக்கம் முழுதாக வரக் கொஞ்சம் சுணங்கியது, அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் எங்கள் தளம் வழக்கம்போல என் பெயரில் திறந்தபடி இருந்தது. அதை நான் தொடவே இல்லை.

தாய் செத்த செய்தியை எப்படிச் சொல்வது என்ற ஒரே நினைப்போடு வெளியே ஓடினேன். எங்கள் நகரத்துத் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான்கள் வாசலில் அசைபோட்டுக்கொண்டு கிடந்தன, அவற்றைத் தாண்டிக்கொண்டு ஓட்டோவுக்குள் ஏறினேன். அவள் எங்களிடம் தைப்பது அந்தத் தெரியாத இலக்கத்துக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி எனக்கு வரவில்லை. சாவு முன்னால் வந்து நின்றால் மற்றக் கேள்விகள் எல்லாம் பின்னால்தான் நிற்கும்.

பாலையூற்றில் ஒரு வீட்டின் பின்னறையை அவள் வாடகைக்கு எடுத்திருந்தாள். மெசினில் இருந்தாள். குழந்தை நிலத்தில் வெட்டுத்துணிகளோடு விளையாடிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன். அவள் கத்தவில்லை. தைத்துக்கொண்டிருந்த ஓரத்தை முடிவுவரை தைத்து, நூலை அறுத்து, பிறகு மெசின்மேல் தலையை வைத்து அழுதாள்.

"நான் போகணும் அக்கா."

"உனக்கு விசரே? அவன் அங்கதான் நிற்பான்."

"நிக்கட்டும். எங்கட அம்மாட முகத்தைப் பாக்காம விட ஏலாது."

நான் ஏசினேன். குழந்தையைக் காட்டி ஏசினேன். கையைக் காட்டி ஏசினேன். அவள் ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியில், எப்ப எடுக்கிறார்கள் என்றாவது கேட்போம் என்று என் போனை வாங்கித் தமையனின் இலக்கத்தை அழுத்தினாள். மனப்பாடமாக வைத்திருந்தாள். நான் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

மணி அடித்தது. எடுத்தது ஒரு கிழவியின் குரல்.

"ஆரு? மகன் வயலுக்குப் போயிட்டான். ஆரு கதைக்கிற?"

அவளுடைய கையிலிருந்து போன் மடியில் விழுந்தது. அந்தக் குரல் மடியிலிருந்து, "ஆரு மகள்? சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் குனிந்து, "அம்மா" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள்.

பிறகு தாய் கதைத்தார், மெதுவாக, அவசரமாக. "எங்க இருக்காய்... வேணாம், சொல்லாத. சாப்பிடுறாயா? புள்ள சுகமா?" பதிலுக்கு நிற்காமல் அடுத்ததைச் சொன்னார். "அவன் இண்டைக்கு இஞ்ச வரல்ல மகள். ஒருநாளும் வராம விட்டதில்ல. இண்டைக்கு வரல்ல."

செத்துப்போன தாய் உயிரோடு இருக்கிறார் என்று கேட்டால் சந்தோஷப்படவேண்டும். நான் ஒரு கண நேரம் சந்தோஷப்பட்டதாகத்தான் நினைவு. அதற்குப் பிறகுதான் யோசித்தேன். உயிரோடு இருக்கும் ஆளுக்கு யார் மரண அறிவித்தல் அடிப்பார்கள்? எதற்காக? இவளை ஊருக்கு வரவைக்கவென்றால், எப்ப எங்கே எடுக்கிறோம் என்று போட்டிருக்கவேண்டுமே. அதைப் போடவில்லையே.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது என் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. இலண்டனில் எங்களிடம் அடிக்கடி வாங்கும் ஓர் அக்கா. நல்ல மனுசி, ஒவ்வொரு வரியின் முடிவிலும் பூப்படம் போடுவார். "வரைபடத்தில் பாலையூற்றில் புதிதாக ஒரு தையல் வீடு காட்டுகிறதே, மிக்க மகிழ்ச்சி. என் தங்கையும் அந்தப் பக்கம்தான். நேரே போய் வாங்கலாமா?"

தளத்தைப் போனில் திறந்தேன். சிவப்புப் புள்ளி. நாங்கள் நிற்கிற வீட்டின் கூரைக்கு நேரே மேலே. விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். கிணறு தெரிந்தது. பின்னறைக்குப் போகும் ஒழுங்கை தெரிந்தது. கீழே அவளுடைய பெயர், முழுப்பெயர்.

என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை. சண்டைக்காலத்தில் பங்கருக்குள் இருந்தபோதும் பயந்தேன்தான், ஆனால் அது எல்லாரோடும் சேர்ந்து பயந்த பயம். இது என் கையால் வந்தது போல இருந்தது, ஆனால் என் கை எதையும் செய்யவில்லை.

போன் வழியாக உள்ளே போய் மறைக்கலாமென்றால் ராத்தாவின் எண் வேண்டும். ராத்தாவுக்கு அடித்தேன். அலுமாரிக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும். வாய்க்கு வந்தபடி ஏசினேன், பாவம் அவரை. பிறகு தம்பிக்கு அடித்தேன். நல்லவேளை அவன் எடுத்தான். சொல்லிமுடிக்கமுதல் தளத்தை அப்படியே பூட்டினான். அதற்குப் பிறகுதான் கேட்டான்.

"அக்கா, இதைக் காலையில நீங்கள்தான் மாத்தியிருக்கிறியள். எல்லாத்தையும் காட்டு எண்டு. உங்கட பெயர்தான் இருக்கு."

"நான் மாத்தேல்லயடா! நான் அந்தப் பக்கத்துக்கே போகேல்ல!"

"ஏதும் லிங்க் திறந்தனீங்களோ?"

சொன்னேன். அவன் ஒரு பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சு எனக்கு இப்போதும் கேட்கிறது. அறிவித்தல் பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கட்டளை ஒளிந்திருந்திருக்கிறது. நான் பக்கத்தைத் திறந்தவுடன் அது என் கணினியிலிருந்தே எங்கள் தளத்துக்குப் போயிருக்கிறது. நான் ஏற்கனவே உள்ளே இருந்ததால் தளம் அது நான் சொன்னது என்றே நம்பிவிட்டது. நல்ல செயலி என்றால், இந்தக் கட்டளை எங்களுடைய பக்கத்திலிருந்துதான் வந்ததா என்று ஓர் அடையாளம் கேட்கும். இந்த வரைபடப் பிளகின் கேட்கவில்லை. நான் கடைக்குள் நிற்கும்போது தெருவிலிருந்து ஒருவன் என் குரலில் "அதை எடுத்துக் கொடு" என்றால், முதலாளி திரும்பிப் பார்க்காமலே எடுத்துக் கொடுப்பது போல.

"அப்ப ஆரும் உடைச்சு உள்ள வரேல்லையோ?"

"இல்லை அக்கா. உங்களைக் கொண்டே செய்விச்சிருக்கிறாங்கள்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "காலையிலயிருந்து ஒரு ஆள் அந்தப் புள்ளியையே திரும்பத் திரும்பப் பாத்திருக்கு. பிறகு பார்க்கிறதை நிப்பாட்டிப் போட்டுது."

பார்ப்பதை நிறுத்திவிட்டான் என்றால் வெளிக்கிட்டுவிட்டான் என்று அர்த்தம். அவள் ஏற்கனவே குழந்தையின் உடுப்புகளை ஒரு பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

எங்கே போவது? என் வீட்டுக்கா? கடையின் முகவரி தளத்தில் இருக்கிறது, அங்கே வந்து விசாரித்தால் என் வீட்டை யாரும் காட்டுவார்கள். எனக்கு ராத்தாவைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. ராத்தாவின் வளவில் எந்த நேரமும் அண்ணன் தம்பிமார், மருமக்கள் என்று ஆட்கள் நிறைந்திருப்பார்கள். அவசர அலுவல் என்று மட்டும் வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டு, காத்துக்கொண்டு நின்ற ஓட்டோவிலேயே மூவரும் ஏறினோம். "கிண்ணியாவுக்கு விடுங்கோ அண்ணை, கெதியா" என்றேன். அவர் கழுத்திலிருந்த சிலுவையை ஒருமுறை தொட்டுவிட்டு ஓட்டோவைக் கிளப்பினார், என் முகம் அவருக்கு அப்படிப் பட்டிருக்கவேண்டும்.

சீனக்குடா தாண்டும்வரை நான் புத்திசாலித்தனமாகத்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிண்ணியாப் பாலத்தில் ஏறி, இரண்டு பக்கமும் தண்ணீர் வந்தபிறகுதான் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, அவரு வாறதும் இந்த ரோட்டாலதானே."

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு வெருகல், மூதூர், கிண்ணியா என்றுதான் வரவேண்டும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். பயத்தில் மறந்துபோனேன். அவனிடமிருந்து தப்ப அவனை நோக்கியே அவளை நான் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். பாலத்தின் நடுவில் திருப்பவும் ஏலாது, பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது.

அவள் குழந்தையை இழுத்து மடியில் அமுக்கி, சீலைத் தலைப்பால் இரண்டு பேரையும் மூடிக்கொண்டு குனிந்தாள். குழந்தை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன். எதிரே மோட்டார்சைக்கிள்கள் வந்துகொண்டே இருந்தன. மீன்பெட்டி கட்டினது, புல்லுக்கட்டு வைத்தது, தலைக்கவசம் போட்டது, போடாதது. அவனை நான் ஒருநாளும் கண்டதில்லை. அவனுடைய படமொன்றுகூட அவளிடம் இல்லை. அதனால் வருகிற ஒவ்வொரு முகமும் அவனுடைய முகமாக இருந்தது. ஓர் இளம் பொடியன் ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான், எனக்குச் சத்தம் போட்டுக் கத்தவேண்டும்போல இருந்தது. அந்தப் பாலம் அவ்வளவு நீளம் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதில்லை.

ராத்தா வாசலில் நின்று எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்தார். "உள்ளுக்கு வாங்க மகள்" என்று அவளையும் குழந்தையையும் உள்ளறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, குசினியிலிருந்து சோற்றை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு வெளியே வந்து, அலுமாரியிலிருந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தரம் அடிச்சிருக்கிறீங்களே" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வாசல் படலையடியில் அவருடைய தம்பிமார் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பின்னேரம், பொழுது சாய முதல், பாலையூற்று வீட்டுக்கார அம்மா எனக்கு அடித்தார். ஓர் ஆள் வந்துபோனதாம். மரியாதையான ஆளாம். தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பொதி எடுக்க வந்தேன் என்றானாம்.

"முன்வீட்டில ஒண்டும் விசாரிக்கேல்ல பிள்ளை. ஒழுங்கையால நேரே பின்னறைக்குப் போய்த்தான் நிண்டவர். தண்ணி கேட்டவர், குடுத்தனான். மெசின் கதிரையில கனநேரம் இருந்தவர். பிறகு அந்த அரைகுறையாத் தைச்ச சின்னச் சட்டையை மடிச்சு எடுத்துக்கொண்டு போயிட்டார்."

எந்த நேரம் வந்தான் என்று கேட்டேன். அவர் சொன்ன நேரத்தைப் பின்னுக்குக் கணக்குப் பார்த்தபோது, அந்தப் பாலத்தில் வந்த மோட்டார்சைக்கிள்களில் ஒன்று அவனுடையதாகத்தான் இருந்திருக்கவேண்டும். நான் அவனுடைய முகத்தைப் பார்த்திருக்கிறேன். அவன் என்னையும் பார்த்திருக்கலாம். அன்றிரவு எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

மறுநாள் பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம். எழுதிய பெண் அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். தளத்துக்குள் அவன் நுழைந்தானா? இல்லை. கடவுச்சொல்லைத் திருடினானா? இல்லை. அப்படியானால் முகவரியைக் காட்டும்படி மாற்றியது யாருடைய பெயரில்? என்னுடைய பெயரில். அவர் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். குற்றம் செய்தவள் போல வேர்த்துப்போய், நொத்தாரிசிடம் படித்த சொற்களையெல்லாம் கொட்டி விளங்கப்படுத்தினேன். கேட்டு எழுதிக்கொண்டார். அவள் எங்களிடம் தைப்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்றும் கேட்டார். தளத்தில் இருந்த குழந்தைச் சட்டையொன்றின் சுருக்குத் தையலை அவன் அடையாளம் கண்டிருப்பான் என்றாள் அவள். மகளுக்கு அவள் முதல்முதல் தைத்ததும் அப்படித்தானாம். உறுதியாக எங்களுக்குத் தெரியாது.

தம்பி பிறகு எனக்கு ஓர் அறிக்கையை அனுப்பினான். அந்தப் பிளகினில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது முன்பே பலருக்குத் தெரிந்து, எழுதியும் வைத்திருக்கிறார்கள். திருத்தமும் வந்திருந்தது. அதைப் போடச் சொல்லி என் திரையில் சிவப்பாக ஒரு குறி நின்றது உண்மைதான், ஆனால் முந்தியொருமுறை அப்படியொரு குறியை அழுத்தி, தீபாவளி நேரம் தளமே வெறும் வெள்ளைப் பக்கமாகிப்போய், இனித் தொடவேண்டாம் என்று அவனே சொல்லியிருந்தான். அறிக்கையில் ஓட்டையின் பாரதூரத்துக்கு ஒரு தரம் போட்டிருந்தார்கள். நடுத்தரம். உள்ளே இருக்கிற ஒருவர் ஓர் இணைப்பைத் திறந்தால்தான் வேலைசெய்யும் என்பதால் நடுத்தரமாம். அதை எழுதினவர்களைக் கிண்ணியாப் பாலத்தில் ஓட்டோவுக்குள் வைத்து ஒருமுறை கொண்டுபோகவேண்டும் என்று எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

சில நாட்கள் அவள் ராத்தா வீட்டில் இருந்தாள். பிறகு ஒரு காலை நான் போனபோது பை கட்டியிருந்தது. ராத்தா எங்கேயோ ஒழுங்குபண்ணியிருந்தார். எங்கே என்று கேட்க வாயெடுத்தேன்.

"வேணாம் அக்கா" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். "அடிச்சுக் கேட்டாலும் நீங்க சொல்லமாட்டீங்க, எனக்குத் தெரியும். ஆனா உங்களுக்குத் தெரியாமலே உங்களுக்கிட்ட இருந்து எடுத்துப்போடுவாரு. எடுத்துட்டாரு தானே."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவள் சொன்னது சரி. குழந்தை கை காட்டியது, நானும் காட்டினேன். ஓட்டோ எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்காமலிருக்க வீட்டுக்குள் போய்விட்டேன்.

அந்தப் பிளகினைக் கழற்றிவிட்டோம். வரைபடம் இப்போது இல்லை. ஆனால் பயம் கழலவில்லை. ஒரு பக்கம் சுணங்கித் திறந்தால் நெஞ்சு நின்றுவிடும்போல இருக்கிறது. நான் செய்யாத எதை இப்போது நான் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்துக் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறேன்.

போன கிழமை கடையில் தனியே இருக்கும்போது ஓர் அழைப்பு வந்தது. எடுத்தேன். அதே கிழவியின் குரல். அன்று மகள் கதைத்தது என் போனில்தானே, இலக்கம் மகனுடைய போனில் நின்றிருக்கிறது.

"மகள், எங்கட புள்ள எங்க இருக்கா?"

பக்கத்தில் அவன் குந்தியிருக்கிறானோ? அவன்தான் அழைக்கச் சொன்னானோ? இது அவருடைய குரல்தானா? இப்படியெல்லாம் என்னை நினைக்க வைத்துவிட்டான்.

"எனக்குத் தெரியாது அம்மா."

"மெய்யாத் தெரியாதா?"

"மெய்யாத் தெரியாது."

அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ ஒரு கோழி கூவியது.

"அப்ப நல்லம் மகள்" என்றார். "ஆரு கேட்டாலும் இப்பிடியே சொல்லுங்க. நான் கேட்டாலும்."